ஓலை முதல் வட்டு வரை: படியெடுத்துக் காத்த வரலாறு

எழுத்து தோன்றிய நாள்தொட்டே, அதனை எதன்மீது எழுதி எவ்வாறு காப்பது என்னும் கேள்வியும் மனிதனைத் தொடர்ந்து வருகின்றது. கல், செம்பு, ஓலை, தாள், நுண்படச் சுருள், காந்த நாடா, வட்டு எனப் பொருள்கள் மாறியுள்ளன, கேள்வி மாறவில்லை. செலவு குறைவாக இருத்தல் வேண்டும். நெடுநாள் நிலைக்க வேண்டும். வேண்டும்போது எடுத்துப் படிக்கவும் இயல வேண்டும். இம்மூன்றும் ஒரே பொருளில் குறைவின்றி அமைந்தது இதுவரை இல்லை. தமிழர் இச்சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டனர், எங்கு வென்றனர், எங்குத் தோற்றனர் என்பதை ஆராய்ந்து, பேராக் மாநிலத் தமிழ்ப்பள்ளிகள் தம் ஆவணங்களைக் காப்பதற்கு அதிலிருந்து கற்க வேண்டியது யாது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லும் செம்பும் ஓலையும்

சோழர் ஆட்சியில் ஓர் ஆணை எழுத்து வடிவம் பெற்ற முறையைக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் விளக்கமாகக் கூறுகின்றன. மன்னன் வாய்மொழியாக இட்ட ஆணை முதற்கண் ஓலையில் எழுதப்பெறும். அதனை ஓலைநாயகம் என்னும் அதிகாரிகள் ஒப்புநோக்குவர். பின்னர் அது வரிப்பொத்தகத்தில் பதிவாகும். கொடை பெற்றவர்க்குச் செப்பேடு வழங்கப்படும்; ஊரார் அறியவேண்டியது கோயிற் சுவரில் வெட்டப்படும். அன்றாட அலுவலுக்கு ஓலை, உரிமைப் பத்திரத்திற்குச் செம்பு, பொதுமக்கள் அறிவிப்புக்குக் கல் எனத் தேவையையும் செலவையும் எடைபோட்டுப் பொருள்களைத் தேர்ந்தனர் எனலாம்.

செம்பு விலையுயர்ந்தது, சுமப்பதற்கும் அரியது. நம் நாட்டுக் கெடா மாநிலத்தோடு தொடர்புடைய ஆனைமங்கலச் செப்பேடுகளை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையளித்தான். அக்கொடையைச் செம்பில் பொறித்து நிலைபெறச் செய்தவன் அவன் மகன் இராசேந்திரன். பெரிய வளையம் ஒன்றில் கோத்த 21 ஏடுகள் கொண்ட இத்தொகுதி, பிற்காலத்தில் ஹாலந்து நாட்டின் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தமையால் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றது. ஓர் ஊரின் கொடைக்கே இத்துணைச் செம்பு வேண்டுமாயின், பத்துப்பாட்டையும் எட்டுத்தொகையையும் செம்பில் எழுதுவது யாரால் இயலும்?

ஆகவே இலக்கியம் முழுவதும் ஓலையையே நம்பி வாழ்ந்தது. பனை எங்கும் விளைந்தது. இலக்கினைப் பக்குவமாக வெட்டி, வேகவைத்து, உலர்த்தி, மெருகிட்டுக் கொண்டால் எழுதுதற்குரிய ஏடு ஆயத்தமாகிவிடும். இரும்பு எழுத்தாணி தலைமுறைக்கும் உழைக்கும். மையாடுவதற்கு விளக்குக் கரியும் சில இலைச்சாறுகளும் போதுமானவை. பொருட்செலவு சிறிதே, உழைப்பே பெரிது.

ஆயினும் ஓலையின் வாழ்நாள் குறுகியது. நன்கு பேணிய ஏடும் பொதுவாக இருநூறு, முந்நூறு ஆண்டுகளைத் தாண்டுவதில்லை. கரையானும் இராமபாணப் பூச்சியும் ஈரமும் அதற்குப் பகை. சங்கப் பாடல்களின் வயதோ ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள். எனவே இன்று நாம் ஓதும் புறநானூற்றுப் பாடல் ஒவ்வொன்றும் குறைந்தது ஆறேழு முறையேனும் ஓலைவிட்டு ஓலை மாறி நம்மை வந்தடைந்திருத்தல் வேண்டும். முந்நூறு ஆண்டில் அழியும் பொருள், ஈராயிரம் ஆண்டுப் பாடலைக் காத்தது எவ்வாறு? தலைமுறைதோறும் யாரோ ஒருவர் படியெடுத்தமையே காரணம். இதனை மனத்திற் கொண்டால், பின்வரும் செய்திகள் அனைத்தும் எளிதில் விளங்கும்.

திருமழபாடி தரும் பாடம்

கல்லும் நிலையானதன்று என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். திருமழபாடிக் கோயிற் கல்வெட்டு ஒன்று ஈண்டு நினைவுகூரத்தக்கது. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் அக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். சுவர்களில் இருந்த பழைய கல்வெட்டுகளை இடிப்பதற்கு முன் பொத்தகத்தில் படியெடுத்துக் கொள்ளுமாறும் பணித்தான். திருப்பணி நிறைவேறியபின், இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அப்படிகளைப் பார்த்து அவை மீண்டும் புதிய சுவரில் வெட்டப்பட்டன. கல்லிலிருந்து பொத்தகத்திற்கும், பொத்தகத்திலிருந்து கல்லுக்குமாகச் செய்தி பயணம் செய்துள்ளது. கணினித் துறையினர் காப்புப்படி எடுத்தல், மீட்டமைத்தல் என்று இன்று வழங்கும் இருவினைகளும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே காவிரிக் கரையில் நிகழ்ந்துள்ளன.

இதற்கு எதிர்மாறான செய்தி தேவாரத்தைப் பற்றியது. மூவர் பாடல்கள் தில்லைக் கோயில் அறையொன்றில் பூட்டப்பட்டிருந்தன என்றும், நம்பியாண்டார் நம்பியின் துணையோடு மன்னன் அதனைத் திறந்தபோது ஏடுகளிற் பெரும்பகுதியைக் கரையான் அரித்திருந்தது என்றும் மரபு கூறுகின்றது. காவலுக்குக் குறைவில்லை, பூட்டுக்கும் குறைவில்லை. வேறிடத்தில் படி இல்லாமையே இழப்புக்குக் காரணமாயிற்று. பத்திரமாகப் பூட்டிவைத்தலும் பாதுகாத்தலும் வேறு வேறு என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

படியெடுப்போர் அருகிய காலம்

பழுதுற்ற ஏட்டைப் பார்த்துப் புதிய படி எழுதியபின், பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. படியெடுத்தல் நிகழ்ந்தவரை அதனால் தீங்கில்லை. ஏடெழுதுவோர் அருகி, வழக்கம் மட்டும் எஞ்சியபோது அது பேரழிவாக முடிந்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855-1942) ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் சென்றபோது, கோயிலில் இருந்த பழைய ஏடுகள் ஆகம விதி என்று கூறித் தீயிலிடப்பட்ட செய்தியைக் கேட்டு நெஞ்சம் நொந்ததைத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.

ஐயரவர்களின் உழைப்பால் 1887இல் சீவக சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் அச்சேறின. அதே 1887இல் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தார். ஊர்தோறும் மடந்தோறும் வீடுதோறும் ஏடுகள் சிதறிக் கிடந்தமையால்தான், ஓரிடத்துப் பிரதியின் சிதைவை மற்றோரிடத்துப் பிரதியால் நிரப்ப அவர்களால் இயன்றது. ஒரே கருவூலத்தில் அனைத்தும் இருந்திருந்தால் ஒரு தீ போதும். முத்தொள்ளாயிரத்தை நோக்குக. முழுநூல் மறைந்தது, புறத்திரட்டு என்னும் தொகைநூலில் யாரோ எடுத்தெழுதி வைத்த நூற்றுச் சொச்சம் பாடல்களே இன்று நம் கையில் உள்ளன. பகுதிப்படியும் பயன்படும் என்பது இதனாற் பெறப்படும்.

தாளின் மலிவும் அதன் விலையும்

1835இல் அச்சகக் கட்டுப்பாடுகள் நீங்கியபின் தமிழ் நூல்கள் பெருகின. அச்சு, ஒரே நாளில் நூற்றுக்கணக்கான படிகளை ஈந்தது. மரக்கூழால் செய்த தாள் வந்தபின் விலையும் வீழ்ந்தது. ஆனால் அத்தாளில் உள்ள அமிலம் அதனையே உள்ளிருந்து அரித்தது. துணிக்கந்தையால் செய்த பழைய தாளினும், நாளேட்டுத் தாள் விரைவில் பழுத்து, மடித்த இடத்தில் ஒடிந்து உதிர்கின்றது.

நம் நாட்டின் தமிழ் இதழ்கள் பெரும்பாலும் இத்தகு தாளிலேயே வெளிவந்தவை. 1887இல் சிங்கப்பூரில் தோன்றி 1890 வரை வெளிவந்த ‘சிங்கை நேசன்’ இன்றும் படிக்கக் கிடைக்கின்றது. 1886ஆம் ஆண்டுச் சட்டப்படி நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் அச்சானவற்றின் படிகள் அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, இலண்டனுக்கும் அனுப்பப்பட்டன. வெயிலும் ஈரமும் மிக்க இந்நாட்டில் அழிந்தது, குளிர்நாட்டு நூலகத்தில் பிழைத்தது. நம் அரசும் 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டத்தின்வழி, அச்சிட்ட நூல் ஒவ்வொன்றிலும் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்திற்கு அளிக்க வேண்டும் என விதித்துள்ளது. 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோயிற்று. ஓர் இதழ் நின்றபின் அதன் பழைய தொகுதிகளைப் பேணுவார் யார் என்னும் கேள்வி எழும்போது, இத்தகு ஒப்படைப்பின் அருமை விளங்கும்.

அச்சான நூல் ஓரிடத்தில் அழிந்தால் வேறிடத்தில் கிடைக்கும். கையெழுத்துப் பிரதிக்கு அவ்வாய்ப்பு இல்லை. 1981ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 ஆகிய நாள்களில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சு நூல்கள் பலவற்றைப் பின்னர் வேறிடங்களில் தேடிப் பெற முடிந்தது. வேறு படியே இல்லாத ஏடுகளோ என்றென்றைக்குமாக மறைந்தன.

தோட்டத்தில் மறைந்த பெயர்கள்

இனி நம் மாநிலத்திற்கு வருவோம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என விதித்தது. ஆயாக்கொட்டகைக்கு அருகிலோ லயத்தின் ஒரு கோடியிலோ பள்ளிகள் எழுந்தன. கிராணியோ கங்காணியோ ஆசிரியராக இருந்த காலமும் உண்டு. சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, நாட்குறிப்பு, தோட்ட அலுவலகத்துச் செக்ரோல் ஆகியவையே அம்மக்களின் வாழ்வைப் பதிந்த ஏடுகள். அவை ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரே படி.

அவ்வொரு படி அழிந்தால் நேர்வது யாது? சயாம் மரண ரயில் அதனைக் காட்டுகின்றது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த அப்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். காஞ்சனபுரியில் உள்ள போர்க்கல்லறையில் ஏறத்தாழ ஏழாயிரம் போர்க்கைதிகள் துயில்கின்றனர். மிகப் பலர்க்குப் பெயர் பொறித்த கல் உண்டு. கைதிகளே தம் தோழரின் பெயரையும் இறந்த நாளையும் அடக்கம் செய்த இடத்தையும் மறைவாக எழுதிக் காத்தமை அதற்கு ஒரு காரணம். நம் தொழிலாளர்க்கு அவ்வாறு எழுதிக் காத்தவர் இலர். அவர்தம் முழுப் பெயர்ப் பட்டியல் எங்கும் இல்லை. கிழிந்த தாளில் எழுதிய ஒரு பெயர்வரிசை எத்துணை விலையுடையது என்பதை இஃது உணர்த்தும்.

போருக்குப் பின்னும் இழப்பு தொடர்ந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர்ப் பால்மரம் இருந்த இடத்தில் செம்பனையும், செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. 1957இல் எண்ணூறுக்கும் மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகியுள்ளன. அவற்றுள் 134 பேராக்கில் உள்ளன. நாட்டிலேயே மிகுதியான எண்ணிக்கை நம்முடையது. ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா, தெலுக் இந்தான், பீடோர், பாகான் செராய் வட்டாரங்களில் தோட்டப் பெயரைத் தாங்கிய பள்ளிகள் பல உள்ளன. அவற்றுள் சில, தோட்டம் மறைந்தபின் வேற்றிடம் பெயர்ந்து அப்பெயரை மட்டும் தாங்கி நிற்கின்றன. பள்ளி இடம் மாறும்போது முதலில் எடுத்துச் செல்லப்படுபவை மேசையும் நாற்காலியும். இறுதியில் நினைவுக்கு வருபவை பழைய பதிவேடுகள். அவை பழங்குப்பை அல்ல. பிறப்புப் பத்திரம் இல்லாத ஒருவர் தம் பிறப்பையும் குடியிருப்பையும் மெய்ப்பிக்க முயலும்போது, பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு துணைச்சான்றாக நிற்றல் கூடும்.

நுண்படமும் மின்னணுக் கருவிகளும்

இருபதாம் நூற்றாண்டு தந்த நற்கருவி நுண்படச் சுருள். பக்கத்தைச் சுருக்கிப் படமெடுத்துச் சுருளிற் பதிப்பது இது. பாலியெஸ்டர் அடித்தளமும் வெள்ளிப் பூச்சும் உடைய சுருள், தக்க குளிரில் வைத்தால் ஐந்நூறு ஆண்டு நிலைக்கும் என மதிப்பிடப்படுகின்றது. விளக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருந்தால் படித்துவிடலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் அரிய நூற்சேமிப்பை 1994இல் சென்னையில் நிறுவிய நூலகம் பேணத் தொடங்கியபோது, நுண்படத்தையே முதன்மையாகக் கையாண்டது. எனினும் படமெடுக்கும் கருவியும் குளிர் அறையும் சிறு பள்ளியின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை.

கணினி வந்தபின் செலவு வியக்கத்தக்க வகையில் குறைந்தது. 1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு அமைப்பு, ஏறத்தாழ ஐந்து மெகாபைட் கொள்வதற்கு இரு பேழைகளின் பருமன் வேண்டியிருந்தது. இன்று கையடக்கமான வன்தட்டு அதனினும் பல இலட்சம் மடங்கு கொள்ளும். ஆயின் மலிவோடு ஒரு புதிய இடரும் வந்தது. 1086இல் தோலில் எழுதப்பெற்ற ‘டூம்ஸ்டே’ என்னும் இங்கிலாந்து நிலவரிப் பதிவேட்டை இன்றும் படிக்கலாம். அதன் தொள்ளாயிரமாம் ஆண்டு நிறைவையொட்டி 1986இல் பிபிசி நிறுவனம் பெருஞ்செலவில் லேசர் தட்டுகளில் உருவாக்கிய புதிய பதிவேடோ, பதினைந்து ஆண்டுகளுக்குள் அதனைப் படிக்கும் கருவி கிடைக்காத நிலையை எய்தியது. வல்லுநர் அரிதின் முயன்றே அதனை மீட்டனர். தட்டு கெடவில்லை, படிக்கும் வழி மறைந்தது.

தமிழிலும் இத்துன்பம் உண்டு. ஓலைச்சுவடியில் புள்ளியின்மையாலும், எகர ஏகார வேறுபாடின்மையாலும் பதிப்பாசிரியர் இடர்ப்பட்டனர். அதேபோன்று, யூனிகோடு பரவுவதற்கு முன் பல்வேறு எழுத்துருக்களில் தட்டெழுதிய கோப்புகளை இன்று திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றுகின்றன. ஆகவே கோப்பைக் காத்தால் மட்டும் போதாது; அவ்வப்போது வழக்கிலுள்ள வடிவிற்கு மாற்றியும் வைத்தல் வேண்டும். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், நூல்களை அவ்வாறே புதிய குறியீட்டிற்கு மாற்றி அனைவரும் இலவசமாகப் பெறச் செய்துள்ளது.

எதனைத் தேர்வது?

ஒரு பள்ளியில் பழைய பதிவேடும் மலரும் புகைப்படமுமாக 20,000 பக்கங்கள் உள்ளன எனக் கொள்வோம். பக்கத்திற்கு இரண்டு மெகாபைட் வீதம் 40 கிகாபைட் ஆகும். பேராக்கின் 134 பள்ளிகளுக்கும் சேர்த்துக் கணக்கிடின் 5,360 கிகாபைட். எட்டு டெராபைட் கொள்ளும் ஒரே வன்தட்டில் இவ்வளவும் அடங்கிவிடும். எனவே இடமின்மையைக் காரணமாகக் கூறுவதற்கு இனி வழியில்லை.

கருவிகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம். பென் டிரைவ் கொண்டுசெல்வதற்கு உரியது. மின்னூட்டம் காலப்போக்கிற் கசிவதாலும் எளிதில் தொலைவதாலும் நெடுங்காலச் சேமிப்பிற்கு ஏற்றதன்று. 4.7 கிகாபைட் கொள்ளும் டிவிடி தட்டில் ஒரு பள்ளிக்கு ஒன்பது வேண்டும். தட்டு மலிவே, ஆனால் சாதாரணத் தட்டின் சாயப்படலம் நம் நாட்டு வெப்பத்தையும் ஈரத்தையும் நீண்டநாள் தாங்காது, புதிய கணினிகளில் அதனைப் படிக்கும் கருவியும் பொருத்தப்படுவதில்லை. காந்த நாடா நன்முறையில் வைத்தால் முப்பது ஆண்டு நிலைக்கும். 2021இல் வெளிவந்த எல்டிஓ-9 நாடா ஒன்று 18 டெராபைட் கொள்ளும். நாடா மலிவாயினும் அதனை இயக்கும் கருவியின் விலை மிகப் பெரிது. ஆகவே அது தேசிய ஆவணக் காப்பகம், பல்கலைக்கழகம் போன்ற பெரிய நிலையங்களுக்கே கட்டுபடியாகும். இணைய வழிச் சேமிப்பு தீயையும் வெள்ளத்தையும் கடந்து நிற்கும்; ஆனால் அது வாடகை வீடு போன்றது. கட்டணம் நின்றால் இடமும் போகும். கடவுச்சொல்லை அறிந்த ஒரே ஆசிரியர் மாற்றலாகிச் சென்றால் கதவும் அடைபடும்.

எஞ்சுவது வன்தட்டு. பள்ளியின் வருவாய்க்கு ஏற்றது அதுவே. ஆனால் அதன் நம்பத்தகுந்த வாழ்நாள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் எனக் கொள்வதே அறிவுடைமை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய தட்டு வாங்கிப் படியெடுக்கும் செலவையும் உழைப்பையும் முதலிலேயே கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓலைக்கும் வன்தட்டுக்கும் விலை சிறிது, படியெடுக்கும் கடமை பெரிது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய எளிய விதியொன்று உண்டு: மூன்று படிகள், இருவகைப் பொருள்கள், ஒரு படி வேற்றிடம். நம் பள்ளிகளுக்கு இதனை இவ்வாறு அமைக்கலாம். முதற்படி பள்ளிக் கணினியில் இருக்கட்டும். இரண்டாம் படி தனி வன்தட்டில், உலர்ந்த பேழையில் இருக்கட்டும். மூன்றாம் படி வேறு நகரத்துப் பள்ளியிடமோ இணையத்திலோ இருக்கட்டும். ஆற்றங்கரைப் பள்ளியின் படியை மேட்டுநிலப் பள்ளி வைத்திருப்பது நன்று. 1926ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் பேராக் மண்ணுக்குக் கற்பித்த பாடம் அது. பள்ளி மலர் போன்ற மிக இன்றியமையாதவற்றை நல்ல தாளில் அச்சிட்டு நூலகங்களுக்கும் வழங்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை கோப்புகளைத் திறந்து பார்த்து, எத்தனை உள்ளன, படிக்க இயல்கின்றனவா எனக் குறித்து வைத்தல் வேண்டும். திறந்து பார்க்காத காப்புப்படி, தில்லையிற் பூட்டிய அறை போன்றதே.

இரண்டு எச்சரிக்கைகள் ஈண்டுக் கூறத்தக்கன. படமெடுத்தாயிற்று என்று மூலப் பதிவேட்டை எறிதல் கூடாது. பொது ஆவணங்களை ஒப்புதலின்றி அழிப்பதை 2003ஆம் ஆண்டுத் தேசிய ஆவணக் காப்பகச் சட்டமும் தடுக்கின்றது. மேலும் சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளைகளின், பெற்றோரின் தனிச் செய்திகள் இருத்தலால், அவற்றை எல்லாரும் காணப் பொதுவில் வைத்தலும் முறையன்று.

முடிவுரை

செலவைப் பற்றி அஞ்சுவோர் சுங்கை சிப்புட்டை எண்ணிப் பார்க்கலாம். அவ்வூரிற் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் அமைத்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர் மாதந்தோறும் செலுத்திய சிறு தொகைகளைச் சேர்த்தே தோட்டங்களை விலைக்கு வாங்கியது. தனியொருவரால் இயலாததைப் பலர் கூடிச் செய்தனர். பத்துப் பள்ளிகள் கூடி ஒரு வருடியும் இரண்டு வன்தட்டுகளும் வாங்கிப் பகிர்ந்துகொண்டால், ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிதாகும். உயர்நிலை மாணவர்க்கும் பயிற்சி ஆசிரியர்க்கும் இஃது ஒரு வரலாற்றுப் பாடமாகவும் அமையும். பழைய எழுத்தைப் படிக்கவும், ஆண்டையும் தோட்டப் பெயரையும் குறித்து வரிசைப்படுத்தவும், ஒப்புநோக்கிப் பிழை களையவும் அவர்கள் கற்றுக்கொள்வர். ஏடெழுதிய முன்னோர் செய்த தொண்டும் இதுவே.

பால்மரக் காட்டில் வாழ்ந்தோரின் பெயர்கள் இன்னும் சில பதிவேடுகளில் எஞ்சியுள்ளன. மை மங்குவதற்கு முன், தாள் உதிர்வதற்கு முன், அவற்றைப் படியெடுக்கும் பொறுப்பு இத்தலைமுறை ஆசிரியர்களுடையது. வரும் விடுமுறையிலேயே பள்ளியின் பழைய பேழையைத் திறந்து, உள்ளவற்றைப் பட்டியலிட்டு இப்பணியைத் தொடங்குவோமாக.